ஜெபாண்ணாவின் தாளில் நான் எழுதிய ஒரு ஹிட்

என் பிரியமான ஜெபாண்ணாவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் அண்ணி பக்கத்திலேயே நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

சித்தூரில் பேஸ்பால் என்றால் இன்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. நமக்கே தெரியாமல்தான் இருந்தது. கிரிக்கெட்டில் உன் முழங்கை மடங்குகிறது என்று அம்பயர் பந்துக்குப் பந்து நோ-பால் கொடுத்தார். டீமிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. காலேஜ் பி.டி. மாஸ்டர் வீட்டுக்கே வந்து, "கை மடங்கினாத்தான்டா இந்த ஆட்டமே. வந்து பாரு" என்று உன்னை அழைத்துப் போனார். அந்த ஆட்டத்தில் பந்து வீசுபவனுக்கு பிட்சர் என்று பெயர் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

ஸ்கோர் எழுத ஆள் கிடைக்கவில்லை. நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு ஜெராக்ஸ் விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து என்னை உட்காரவைத்துவிட்டார். அடிக்க வருபவன் மூன்று முறை கோட்டைவிட்டால் அவன் கட்டத்தில் 'கே' என்று எழுத வேண்டும். நீ வீசினால் என் தாள் முழுக்க அந்த எழுத்துதான். கடப்பாவோ, அனந்தபூரோ, எந்த மாவட்டம் வந்தாலும் கே, கே, கே. நைனா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஒரே எழுத்தையே எழுதிக்கினு கீற?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

அந்த நோட்டுகள் நான்கும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. நீ என்ன ஆட்டக்காரன் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. எந்தப் பேப்பரிலும் உன் பெயர் வரவில்லை. நான் எழுதியதுதான் நீ.

திருப்பதியில் நடந்த தேர்வு ஆட்டத்துக்கு வருகிறேன்.

மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனு போடலாம். நைனா வேலை பார்த்த ஆலையில் அந்த வருஷம்தான் ஆட்குறைப்பு தொடங்கியிருந்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் உன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி இன்னிங்ஸ் வரை உன் பந்தை ஒருவனாலும் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசி முடிப்பதுதான் ஒரு பிட்சருக்குப் பெரிய பேர். இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் போதும். அப்போதுதான் அந்தப் பந்து சாமுவிடம் உருண்டது.

சாமுவேல். பலமனேர் சபைப் பையன், உன் உயிர்ச் சிநேகிதன். பந்து மெதுவாகத்தான் வந்தது. அவன் குனிந்தான். கையுறையில் பட்டு, கால்களுக்கு நடுவே நழுவிப் போய்விட்டது. அடித்தவன் ஓடி, அவுட் ஆகாமல் முதல் பேஸில் நின்றுகொண்டான்.

ஃபீல்டர் விட்ட பந்து என்றால் 'எர்ரர்' என்று எழுத வேண்டும். அது அவன் பேரில் போகும், உன் பேர் சுத்தமாக இருக்கும். யாராலும் பிடிக்க முடியாத அடி என்றால் 'ஹிட்'. எது என்று முடிவு செய்வது ஸ்கோர் எழுதுகிறவள்தான். தேர்வாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமுவும் அந்தத் தேர்வில்தான் இருந்தான். எனக்கு அவன்மேல் மனசு போயிருந்தது. உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஹிட் என்று எழுதினேன்.

அடுத்த இரண்டு பேரையும் நீ நிற்கவிடாமல் அனுப்பினாய். ஆட்டம் முடிந்து, வியர்வையைத் துடைத்தபடி வந்து தாளைப் பார்த்தாய்.

"ஹிட்டா?"

"ஆமாண்ணா. பந்து வேகமா வந்துச்சி."

நீ தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாய்.

ஒரு நாளைக்குள் ஸ்கோரர் திருத்தலாம் என்று விதியில் இருந்தது. சித்தூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் பென்சில் என் மடியிலேயே கிடந்தது.

பிட்சர் இடம் ஒன்றுதான். வேறு மாவட்டப் பையன் ஒருவன் முந்தைய ஆட்டத்தில் ஹிட்டே கொடுக்கவில்லை. "ரெண்டு பேரும் நல்லாதான் போட்டாங்க. அந்தப் பையன் தாள்ல சைபர், இவன் தாள்ல ஒண்ணு" என்று தேர்வாளர் மாஸ்டரிடம் சொன்னாராம். அவனை எடுத்தார்கள். ஃபீல்டராக சாமுவை எடுத்தார்கள். சாமுவுக்கு வேலை கிடைத்தது. எனக்கு சாமு கிடைத்தார்.

நீ பெங்களூர் போனாய். கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய காலம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டினாய். கடைசி வருஷங்களில் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இடது கையால் தலை வாரிக்கொள்வாய். நான் பார்த்தால் சீப்பைக் கீழே வைத்துவிடுவாய். போன வருஷம் ஒரு கம்பெனி வாசலில், ஆட்களுக்காகக் காத்திருந்த காரிலேயே உன் மூச்சு நின்றது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். திருப்பதியில் பெண்பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிற ஒரு வாத்தியார், வடமாலபேட்டைக்காரர், பழைய ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாராம். நோட்டுகளைப் போட்டோ எடுக்கப் போன வாரம் வீட்டுக்கு வந்தார். அந்தத் தாளில் கை நின்றது. "அய்யோ, ஒரே ஒரு ஹிட்டா மேடம்!" என்றார்.

"அது ஹிட் இல்லிங்க. நான் தப்பா எழுதிட்டேன். மாத்திடுங்க."

அவர் கேமராவைக் கீழே வைத்தார். பிறகு தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். "அன்னிக்கி ஸ்கோரர் எழுதினதுதான் ரெக்கார்டு மேடம். இப்ப ஏமி சேஸ்தாம்?"

என்ன செய்ய முடியும்? ஒன்று என்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உன் மச்சான் சாமு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"பந்து என் கையில பட்டுச்சி சலோமி. எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேன், ஜெபாகிட்ட. வாடா, போயி நான் உட்டதுதான்னு சொல்லிடலாம்னு கூப்டேன். கையப் புடிச்சிக்கினான். 'வாணாம்டா. எல்லார் முன்னாலயும் எந்தங்கச்சி பொய் எழுதினான்னு ஆயிடும். அவகிட்ட நீ எப்பவும் கேக்கக்கூடாது'ன்னான். நானும் கேக்கல. வேல கெடச்சப்புறம் வாயே வர்ல."

அண்ணா, உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாயா? தெரிந்துதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாயா? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக்கூடாதா? நீ மன்னித்துவிட்டாய் என்று அவர் சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அழுதாவது தீர்த்திருப்பேன்.

உன் மகள் ஷேரன் அடுத்த மாதம் வேலைக்குக் கனடா போகிறாள். நேற்று போனில், "அத்தே, அப்பா ஏதோ பந்து ஆடுவாராமே, நல்லா ஆடுவாரா?" என்று கேட்டாள். பெற்ற மகளுக்கே தெரியவில்லை, பார். "ஆடுவார்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போகிறோம். உன் மச்சானும் வருகிறார். அந்தப் பந்தை விட்டது யார், எழுதியது யார், அதனால் அவள் அப்பாவுக்குப் போனது என்ன என்பதை அண்ணியையும் உட்காரவைத்து ஷேரனிடம் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடாமலே விமானம் ஏறினாலும் சரி, சொல்லாமல் அனுப்பமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
சலோமி