திருப்பி அனுப்பிய டம்ளர்கள்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரதீஷும் மஸ்கட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க அம்மன் காவல் இருக்கட்டும். இங்கே எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான், மற்றபடி நானும் உன் மகள் ஸாதனாவும் சுகம், மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் முகம் தெரிகிறது அஞ்சு, அதுதான் காரணம். என் அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு எவ்வளவு எழுத வருமோ அவ்வளவு எழுதி, பக்கத்து வீட்டுச் சகீலாவின் மகன் நஜ்முதீன் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஸாதனாவின் நிச்சயதார்த்தம் நல்லபடி நடந்தது என்று உன்னிடம் சொன்னேன். தட்டு மாற்றியதையும் மோதிரம் போட்டதையும் நீயே போனில் பார்த்தாய். நீ பார்க்காதது ஒன்று உண்டு. உன் மகள் கொஞ்ச நாளாகவே, நாம் ஒவ்வொருவரும் காற்றில் விடுகிற கார்பனைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். வேலைக்குப் பள்ளுருத்திவரை பஸ்ஸில்தான் போகிறாள், நீ அனுப்புகிறேன் என்ற ஏ.சி.யும் வேண்டாம் என்றாள், சோறு கொதித்ததும் கேஸை அணைத்துச் சட்டியை மூடி வைக்கச் சொல்கிறாள். அதெல்லாம் எனக்குப் பெருமைதான், தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிச்சயத்துக்கும் தூக்கிப் போடுகிற சாமான் ஒன்றும் கூடாது என்று, வார்டில் குப்பை எடுக்க வரும் அம்பிளியிடம் சொல்லி ஸ்டீல் தட்டும் டம்ளரும் வாடகைக்கு ஏற்பாடு செய்திருந்தாள். மாப்பிள்ளை சுஜித் வீட்டாரிடமும் அப்படியே சொல்லியிருந்தாள்.

அன்று காலை அம்பிளி அந்தச் சாமான்களை ஆட்டோவில் கொண்டுவந்தபோது ஸாதனா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ஷிஹாப் கடையில் முன்னாலேயே சொல்லி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலும் பேப்பர் தட்டும் கப்பும் பின்பக்கமாக வந்து இறங்கின. ஏன் செய்தேன் என்றால், உன் அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த காலத்தில், கல்யாண வீடுகளில் நமக்குக் கடைசிப் பந்தி, நசுங்கிப்போன டம்ளர். நீ சின்னப் பெண், உனக்கு ஞாபகம் இருக்காது. யாரும் வாய் வைக்காத புதுப் பாட்டிலை எல்லாருக்கும் என் கையால் கொடுக்க வேண்டும், திருப்பூணித்துறையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் நம்மை இல்லாதவர்கள் என்று நினைக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வீறாப்பு. இல்லாமல் இருந்தபோது ஏ.சி. இல்லை, கார் இல்லை, அது விதி. இருக்கும்போதும் அப்படியே இருப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது அஞ்சு.

அவர்கள் கார் வைத்துக்கொண்டு வரவில்லை. மெட்ரோவில் வந்து, அங்கிருந்து படகில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி, நடந்து வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் சம்பந்தியம்மா பையைத் திறந்து ஆளுக்கொரு ஸ்டீல் டம்ளர் எடுத்து வைத்தார். ஸாதனா மோள் ஸ்டீல் கிளாஸ்தான்னு சொன்னாளே, ஆள் கூடிட்டா பத்தாம போயிரக்கூடாதுன்னு நாங்களும் எடுத்துட்டு வந்தோம் என்றார். அப்போது ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் என் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தனை பேர் என்னைப் பார்க்கவும், அவளுக்குக் கழுவச் சோம்பல், கடைசியில இதுவே போதும்னுட்டா என்று சொல்லிவிட்டேன். பாயசத்தோடு வந்த ஸாதனா காதிலும் அது விழுந்தது. அவள் பாயசத்தைப் பரிமாறிக்கொண்டே போனாள். அவர்கள் டம்ளர்களைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், பேச்சு மட்டும் இல்லை. பாயசம் ஒட்டின கப்புகளைக் கழுவிக் காயவைத்தால்தான் எடுப்போம் என்று அம்பிளி சொல்லிவிட்டாள். தெருக் குழாயடியில் உட்கார்ந்து நான்தான் கழுவினேன். இதுக்கு ஸ்டீல் டம்ளரைக் கழுவியிருந்தா எப்பவோ எழுந்திரிச்சிருக்கலாமே அம்மே என்று அம்பிளி கிண்டல் பண்ணினாள், சகீலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. போகிற வீட்டில் உன் மகளை, சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று நினைப்பார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருப்பூணித்துறைக்குப் போய், சம்பந்தியம்மாவிடம், சாமானைத் திருப்பி அனுப்பியதும் நான், பொய் சொன்னதும் நான், பெண் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்னைக்கே தெரியும்மா, அவ முகத்தைப் பார்த்தா தெரியாதா, சபையில உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு அவ நின்ன நிலைய வச்சுத்தான் நாங்களும் வாய மூடிட்டு வந்தோம் என்றார். அந்தச் சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

சுஜித் சொல்லி ஸாதனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ராத்திரி சோறு போடும்போது, கல்யாணத்துக்கு நீங்க ஒரு சாமானும் வாங்கக் கூடாது அம்மம்மா, ஒரு கடைக்கும் போன் போடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். இந்தத் தெருவில் எத்தனை கல்யாணப் பந்தலில் நின்று வேலை வாங்கியவள் நான். சரி என்றேன்.

எனக்காக நீ அவளிடம் பரிந்து பேசாதே. பேசத் தோன்றும்போது அவளே பேசட்டும். இன்னொன்று, புடவை எடுக்க முன்னால் ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு தரம் விமானத்தில் வருவேன் என்றாயே, ஒரே தடவை வந்து கூடக் கொஞ்சநாள் இருந்தால் போதும் என்று அவள் சொன்னாள் அல்லவா. அவளுக்குத் தெரியாமல் நீ வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் ரகசியமாகச் சொல்ல இருந்தேன். உன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இருந்தாலும் சொல்லவில்லை. அவள் சொன்னபடியே செய்.

நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சரோஜம்மா