அவருக்காக ஒரு மெழுகுத்திரி

இயேசு மரி சூசை துணை

கணபதி, கோவை
நவம்பர் 4

அன்புள்ள மகள் மெர்சிக்கு,

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் மஸ்கட்டில் சுகமாக வைத்திருக்க வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. போனில் இதையெல்லாம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. முழங்கால் வலி பரவாயில்லை.

உன் அப்பா விஷயம் தொடங்கிவிட்டது. கொரோனாவில் சொந்தக்காரர்களே கிட்ட வராத பிணங்களை அவர் எடுத்து அடக்கம் செய்ததையும், அதிலேயே நோய் வந்து இறந்ததையும் பங்கு மக்கள் ஆயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருடம் கழிந்த பிறகுதான் விசாரிப்பார்களாம். இப்போது அவரை இறை ஊழியர் என்கிறார்கள். புனிதர் பட்டத்துக்கு அது முதல் படிதானாம். விசாரிக்க வந்த சாமியார் வேதபுத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, அவருக்குக் கோபம் வருமா என்று என்னைக் கேட்டார். ரசத்துல உப்புக் கம்மியானா வருமுங்க சாமி என்றேன். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் கல்லறையில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு மாரியாத்தாள்கூடப் பேரனுக்கு வேலை கிடைக்கச் சிலுவையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வந்தாள். ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு சாமியாயிட்டாரு, இன்னும் எதுக்குங்க கண்ணைக் கசக்கிட்டு இருக்கீங்க என்கிறாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அதிலிருந்து எனக்கு அழவே வெட்கமாகப் போய்விட்டது.

பட்டம் கிடைக்கும் முன்னால் ஊர் கூடி வணங்கினால் காரியமே கெட்டுவிடுமாம். அவர் கல்லறையில் பூ வேண்டாம், திரி வேண்டாம் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார்.

கல்லறைத் திருநாளன்று போனேன். எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். உன் அப்பாவுடையது மட்டும் இருட்டு. என்னால் எதுவும் கெட வேண்டாம் என்று, கொண்டுபோன திரியைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்த பங்குச் சாமியார், ஏனம்மா ஏற்றவில்லை என்றார். நீங்கதானுங்க சாமி கூடாதுன்னீங்க என்றேன். அவர் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு, அவரிடம் வேண்டிக் கூட்டமாக வருகிறவர்களுக்குத்தான் அம்மா அதைச் சொன்னேன், நீங்கள் அவருக்காக வேண்டுகிறவர், பட்டம் வரும்வரை அவருடைய ஆன்மாவுக்கும் ஜெபம் வேண்டும், ஏற்றுங்கள் என்றார்.

ஏற்றினேன் கண்ணு. முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக் கொண்டுபோனார்களே, அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. யாரும் என்னைத் தேற்றவில்லை. அவரவர் ஆட்களுக்காக அவரவர் அழுதுகொண்டிருந்தார்கள். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

ரோமாபுரி வரை போய்ப் பட்டம் வருவதற்கு என் ஆயுசு போதாது. வந்தால் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு அவர் ஊருக்கெல்லாம் சொந்தம். அதுவரைக்கும் நம் வீட்டு ஆள். விமானம் ஓடாத நேரத்தில் போய்விட்டார், நீ என்ன செய்வாய். இன்றைக்கும் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய்.

லீவு கேட்டு ஒரு தடவை வந்து போ. அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவருக்காக அழுதுவிட்டுப் போ. நான் பக்கத்தில் இருக்கிறேன்.

மாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாளாக.

உன் அம்மா,
ஞானசௌந்தரி