‘தொடாதே’ என்று எழுதிய வரி

அக். 6, திங்கள்

வெயில். காற்று முழுக்கப் புழுதி. மேகம் கழுகுமலை வரை வந்து நின்றுவிட்டது. அங்கேயே நிற்கட்டும்.

ஊரே மழை கேட்கிறது, நான் மட்டும் வேண்டாம் என்கிறேன். வெளியே சொன்னால் செருப்படிதான். மாவு மில்லில் ஒருவர் மில்காரரிடம்: “இந்த வருசமும் ஏமாத்திப்புடும் போலுக்கே அண்ணாச்சி.” ஏமாற்றட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். பாவி.

சென்னையில் கிடைத்திருக்கிற வேலைக்கு வெள்ளி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். நான் இந்த ஊரைத் தாண்டியும் இரண்டு வருடம். தம்பி சுடலைக்குப் பசுவந்தனையில் மானாவாரி நிலம். இந்த வாரமும் மழை இல்லையென்றால் விதைப்பை விட்டுவிட்டு இங்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். பெய்தால் வர மாட்டான்.

வாங்க: டயப்பர், ரவை, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை.

அக். 7, செவ்வாய்

புழுக்கம். மூன்று முறை கரண்ட் போனது.

எங்கோ ஒரு நூலகத்திலிருந்து புகார். ஸ்ரீதேவி என்று தேடினால் பாதி ஸ்ரீதேவிகளைக் காணோமாம். தமிழ்ப் பெயர்களைத் தேடித்தரும் நிரல் அது. நான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் போட்டு ஏழு வருடம்.

பார்த்தால், டாரியோ ஒரு வரியை எடுத்திருக்கிறான். என்னோடு சேர்ந்து இதைப் பராமரிக்கிறவன். முகம் பார்த்ததில்லை, தமிழ் தெரியாது. ‘ஒரே வரி இரண்டு தடவை இருந்தது, ஒன்றை நீக்கினேன்’ என்று குறிப்பு. நிரலைச் சரிபார்க்கும் சோதனையிலும் அதே இரண்டு ஸ்ரீ. அதையும் நகல் என்று துடைத்துவிட்டான், மகராசன்.

இரண்டு ஸ்ரீயும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்குள்ளே வேறு வேறு. அவனைத் திட்டி நீளமாக எழுதினேன். அனுப்பும் முன் அந்த வரிக்கு மேல் நான் என்ன எழுதி வைத்திருந்தேன் என்று பார்த்தேன். ‘தொடாதே.’ அவ்வளவுதான். திட்டை அழித்தேன்.

அக். 8, புதன்

சுடலை காலை பஸ்ஸில் வந்தான், அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பழக. ஃபிரிட்ஜில் பட்டியல் ஒட்டியிருந்தேன், பதினான்கு வரி.

மதியம் மாத்திரை கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்து அப்பாவின் வலது கன்னத்துக்குள் அந்த மாத்திரை அப்படியே. கத்தினேன்.

“ஏலே, இடது பக்கம் வைன்னு எழுதியிருக்குல்லா?”

“எழுதியிருக்க எக்கா. எதுக்குன்னு போடலையே. எந்தப் பக்கம் வச்சா என்னன்னு நெனச்சிட்டேன்.”

வலது பக்கம் உணர்ச்சி இல்லை. எனக்குத் தெரியும். எழுதவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. அந்த ‘தொடாதே’ அவசரத்தில் எழுதியது இல்லை. காரணத்தை எழுதிவிட்டால் யாரும் என்னிடம் வந்து கேட்க மாட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் விட்டேன். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அக். 9, வியாழன்

காற்றே இல்லை. மேற்கே கருப்பு. பார்க்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன்.

டாரியோ எடுத்த வரியைத் திரும்ப வைத்து, மேலே எழுதியது: ‘கீழே உள்ள இரண்டு ஸ்ரீயும் பார்க்க ஒன்று. முதலாவது ஸ-வில் தொடங்குகிறது, இரண்டாவது ஶ-வில். சில விசைப்பலகைகள் அதைத் தரும், சில இதைத் தரும். தட்டியவருக்கே தெரியாது. ஒன்றை எடுத்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.’

டாரியோ பதில்: ‘இப்போது புரிகிறது. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.’ ஏழு வருடப் பாரம், ஐந்து வாக்கியம்.

அதே சூட்டில் ஃபிரிட்ஜ் பட்டியலையும் திருத்தி எழுதினேன், காரணத்தோடு. கடைசி வரி: ‘அப்பாவுக்கு இப்போது பேச்சு ஒரு ம் மட்டும். எழுதினால் ஒன்று, கேட்டால் இரண்டு. குரல் ஏறினால் தண்ணீர். இறங்கினால் பாத்ரூம். மாற்றிப் புரிந்துகொண்டால் அழுவார், வெட்கத்தில்.’

சுடலை ஃபிரிட்ஜ் முன்னால் நின்று முழுசாகப் படித்தான். அப்புறம்: “நீ போ எக்கா. நான் பாத்துக்கிடுதேன்.”

ராத்திரிச் சாப்பாட்டை அவன்தான் ஊட்டினான். இடது பக்கம். அப்பா முழுசாகச் சாப்பிட்டார். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

அக். 10, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. நல்ல மழை, ஓடை ஓடுகிற மழை.

சுடலை வாசலில் நின்றுகொண்டே இருந்தான். பக்கத்து நிலத்துக்காரர் போன்: “என்னப்பா, உளுந்து போடுதியா இல்லியா? ஈரம் நிக்காது.” அவன் என்னைப் பார்க்கவில்லை.

“ஏலே, கெளம்பு. விதைக்கிற நாளுல இங்கன என்ன வேலை?” என்றேன். என் வாய்தான் சொன்னது.

“ரெண்டு நாளு பொறுக்கச் சொல்லேன், சென்னைக்காரவியகிட்ட.”

“சொல்லுதேன்.”

விதைத்தால் தைக்கு முன்னால் அவனால் வர முடியாது. இருவருக்கும் தெரியும். ஒன்பது மணி பஸ்ஸில் போனான், பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு.

சாத்திய ஜன்னலைத் திறந்தேன். மழைச் சத்தம் கேட்டு அப்பா ‘ம்’ என்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். பாத்ரூமும் வேண்டாம். நாற்பது வருடம் விதைத்தவர், ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெட்டி மறுபடி பரணில்.

மாலை 5.40. சென்னைக்கு, வர இயலாது. அவர்கள் படிவத்தில் ‘காரணம்’ என்று பெரிய கட்டம், பத்து வரி எழுத இடம்.

‘சொந்தக் காரணம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.