இரண்டாம் தொகுதியில் ஒட்டிக்கிடந்த பக்கங்கள்

அன்பு மகள் வாண்டுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், முட்டிவலியைச் சேர்க்காவிட்டால். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், உடனே பதறிப்போய் ஃபோனை எடுக்காதே, முழுக்கப் படித்துவிட்டு எடு. இதை ஃபோனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் காகிதம். இப்போதுகூடத் துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் சிரிக்கிற சேதி. நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பழைய பதிப்புகளையெல்லாம் கழித்துக்கட்டுகிறார்கள். என் இடத்துக்கு வந்த பெண் கூப்பிட்டு, அக்கா, மூளையைப் பத்தின அந்த நாலு தொகுதியும் இனிமே யாரும் தொடப்போறதில்ல, புதுப் பதிப்பு வந்தாச்சு, வேணும்னா நீங்க எடுத்துக்கங்க என்றாள். இரண்டாம் தொகுதியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாக நானும் உன் அப்பாவும் மறைத்து வைத்த திருட்டுத்தனம் ஒன்று அதில் இருக்கிறது, அதற்குக் காரணம் நீ.

அப்போது உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்துவிடுவாய். அப்பாவுக்கு மாலை ஷிப்டில் பஸ் ஓட்டுகிற வேலை, வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. தலைமை நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஒரு சத்தம் வந்தாலும் நாளையிலேர்ந்து குழந்தை இங்க வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். நீ சத்தமே போடவில்லை, மகராசி. ரெஃபரன்ஸ் பகுதியில் கடைசி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, தலையணை கனத்துக்கு இருந்த இரண்டாம் தொகுதியைக் கீழே இழுத்துப்போட்டு, மூளையைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற முழுப்பக்கப் படத்தில் கலர் பென்சிலால் குடித்தனம் வைத்துவிட்டாய்! வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு, ஒரு மடிப்புக்கு சமையல்கட்டு, ஒரு மடிப்புக்குப் படிக்கட்டு, ஒன்றில் அம்மா துணி மடிக்கிற இடம் என்று எழுதி, கலர் வேறு அடித்திருந்தாய். முதுகில் ஒன்று வைத்திருப்பேன், சத்தம் கேட்குமே என்று விட்டேன். அது தெரிந்தால் என் வேலை போகாது, ஆனால் நீ வருவது நின்றுபோகும். அப்புறம் உன்னை எங்கே விடுவது?

கிழிக்கக் கை வரவில்லை. நூலகத்தில் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்தைக் கிழிப்பாளா? நல்லவேளை, அன்றைக்கு அப்பா இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் உன்னைப் பார்க்கச் சீருடையோடு வந்திருந்தார். விஷயத்தைக் காதில் போட்டதும் அவர் வாசலில் தலைமை நூலகரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். நான் லேபிள் ஒட்டுகிற பசையை எடுத்து, அந்தப் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் மூன்று ஓரத்திலும் தடவி ஒன்றாக ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பரீட்சைக்குப் பரீட்சை யாராவது வந்து, மேடம், இந்தப் பக்கம் பிரியவே மாட்டேங்குது என்பார்கள். அச்சாபீஸ்காரங்க பண்ணின கோளாறு என்று கூசாமல் சொல்வேன். ஆனாலும் உறுத்தல் தாங்காமல் வேறொரு கல்லூரிக்கு நடையாய் நடந்து அந்த இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, உறையில் போட்டு அட்டைக்குள் செருகி வைத்தேன். அந்த உறையைப் படித்து எத்தனை பேர் டாக்டரானார்களோ. அதே படத்தை வைத்துக்கொண்டு நீ இன்றைக்கு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் பிழைப்பு நடத்துகிறாய் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி அப்பா விஷயம். ஐந்தாறு மாதமாகவே அவருக்குச் சாமான்களின் பெயர் நழுவுகிறது. கரண்டியை அது என்பார், சாவியை இது என்பார். வயசாகிறது என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். போன மாதம் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனவர் மூன்று மணி நேரமாகத் திரும்பவில்லை. அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து டிப்போவில் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு இன்னும் ஒரு ட்ரிப் பாக்கி இருக்கு, வண்டிதான் வரல என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணி, சார் விளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சேன் என்று அந்த மனிதர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் உள்பக்கம் ஒரு சின்ன இடத்தைக் காட்டி, இங்கதாம்மா சுருங்கியிருக்கு, புதுசா நடக்கறது தங்காது, பழசு கொஞ்ச நாளைக்கு இருக்கும் என்றார். இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வரும்போது ஆஸ்பத்திரிப் படியில் நின்று அப்பா, வாண்டுகிட்ட மூச்சு விடாத, அவ வேலை கெட்டுடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் அப்பா நல்லா இருக்கார் என்று புளுகினேன். என்னை மன்னித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொகுதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியில் காட்டினேன். அப்பா பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், ஸ்டியரிங் பிடித்த கை, இன்னும் ஆடவில்லை. நான் ஸ்கேலை விட்டு ஓரம் ஓரமாக நெம்பினேன். பக்கம் பிரிந்தது. கலர் ஒன்றுகூட மங்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவர், விரலை வைத்து, இது சமையல்கட்டு, இது படிக்கட்டு, அன்னிக்கு நல்ல மழை, நான் உங்க தலைமை நூலகரை நிறுத்தி வச்சு அரை மணி நேரம் பிரேக்கைப் பத்திக் கதை அளந்தேன், அந்த மனுஷனுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது, முகம் கழுவுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்து, டாக்டர் பேனாவால் காட்டிய இடம் எது என்று தேடினேன். அங்கே நீ மஞ்சள் கலர் அடித்து, கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாய்: அப்பா வர்ற வாசல். லைட்ட அணைக்காதீங்க.

நினைவிருக்கிறதா, அவர் ஷிப்ட் முடிந்து வருகிற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க விடாமல் என்னோடு மல்லுக்கு நிற்பாய். வாண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வருஷ லீவுக்குப் பார்க்கலாம் என்று வைக்காதே. இப்போதைக்கு ஃபோனில் உன் குரலைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் நேற்று என்னிடம் இரண்டு தரம், அவ இப்ப எந்த கிளாஸ் என்று கேட்டார்.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அப்பாவின் ஆசியையும் சேர்த்து நானே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அந்தப் படத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, புத்தகத்தைத் தபாலில் போடு என்று கேட்காதே. அதன் முதல் பக்கத்தில் நானே குத்திய சிவப்பு முத்திரை இன்னும் இருக்கிறது: இரவல் கிடையாது, இங்கேயே அமர்ந்து படிக்கவும். கல்லூரி முதல்வருக்கே நான் அதைத் தளர்த்தியதில்லை, மகளுக்கா தளர்த்துவேன்? வா, வந்து உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படி.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா