ஊதாதே என்று சொன்னவள்

பிப்ரவரி 3, திங்கள்

முதல் ஷிப்ட். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று, குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் மிஷினில் நானூறு பேரை ஊத வைத்தேன். இரண்டு பேர் ஊத மாட்டோம் என்று திரும்பிப் போனார்கள். கெட்டிக்காரர்கள்! எங்கள் கம்பெனியில் ஊதி மாட்டினால் வேலை போகும். மறுத்தால் அன்றைக்கு ஆப்சென்ட், அவ்வளவுதான்.

தம்பி லோகேஷ் குடியை விட்டுப் பதினோரு மாதம். "ஒரு வருஷம் தொடாம இருக்கட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கவியா குழந்தையோடு தண்டலத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். மார்ச் பத்தோடு வருஷம் முடிகிறது. பக்கத்து வீட்டில் தனியாகக் கிடந்தவன் இப்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். புது மாப்பிள்ளை கெட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணிக்கு லோகேஷ் போன் செய்தான். ஒரகடம் கூட்டுரோட்டில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது.

"அக்கா, கண்ணு செவந்துகீதுன்னு ஊத சொல்றாங்க. ரெண்டு ஷிப்ட் வேன் ஓட்டிட்டு தூங்காம பைக்ல வர்றேன். குடிக்கலக்கா. இன்னா பண்றது?"

குடிக்காதவன் எதற்கு என்னைக் கேட்கிறான்? பத்து முறை சத்தியம் செய்து பத்து முறையும் உடைத்தவன். சூடு கண்ட பூனை நான்.

"ஊதாத. ரத்தம் கேட்டாலும் குடுக்காத. மாட்டேன்னு சொல்லு, வுட்டுடுவாங்க."

"குடிக்கலன்னு சொல்றேன் இல்ல?"

"சொல்றத கேளுடா!"

கேட்டான்.

பிப்ரவரி 10, திங்கள்

விடவில்லை. கேஸ் போட்டு லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையிலேயே வேன் கான்ட்ராக்டர் இவனை நிறுத்திவிட்டார்.

சோற்றைத் தொடாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் குடிச்சிருப்பேன்னு நெனச்சிதானே அப்டி சொன்ன?"

சாப்பிடுடா என்று தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். என்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்காதவன் ஆயிற்றே — அதனால்தானே போன் செய்தான்? அது ஏன் எனக்கு அப்போது உறைக்கவில்லை? பாவி நான்.

பிப்ரவரி 14, வெள்ளி

வக்கீல் வனமாமலையைப் பார்த்தோம். "இஷ்டத்துக்கு ஊதச் சொல்ல முடியாதும்மா, சந்தேகப்பட நியாயமான காரணம் வேணும். அதை வச்சி வாதாடலாம். ஆனா உங்க கேட் சட்டம் ரோட்டுக்குச் செல்லாது. மறுத்ததையே அவருக்கு எதிரா சாட்சியா வைப்பாங்க. ஊதியிருந்தா அஞ்சு நிமிஷத்துல வூட்டுக்கு வந்திருப்பாரு."

லோகேஷ் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

கவியா வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

விடுதலை! வாய் நாற்றம், தள்ளாட்டம் என்று எஸ்.ஐ. எதையும் எழுதவில்லையாம். கண் சிவப்பையும் மறுப்பையும் மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். கோர்ட் வாசலிலேயே அழுதேன். ஐந்து மாதம் கழித்து லோகேஷ் சிரித்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தண்டலம் போகலாம் என்றான்.

ஜூலை 27, ஞாயிறு

கவியா தீர்ப்பை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதுல அவரு குடிக்கலன்னு எங்க எழுதிகீது அண்ணி? நிரூபிக்கலன்னுதானே கீது."

"நான்தாம்மா ஊதாதன்னு சொன்னேன். அவன் குடிக்கல. சாமி சத்தியமா."

"இப்ப சத்தியம் பண்றீங்க. அன்னிக்கு அவரு வாயால சொன்னப்போ கூடப் பொறந்த நீங்களே நம்பல. நான் எத வச்சி நம்பறது?"

அவள் கேட்டது நியாயம்தான். லோகேஷ் பிஸ்கட் பாக்கெட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டான். ஐயோ, என் வாயால் என் தம்பி குடும்பத்தை நானே பிரிச்சிட்டேனே. இத யார்கிட்ட போய் சொல்லி அழுவேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறைமலை நகரில் ஒரு கம்பெனி குடோனில் லோகேஷுக்கு வேலை. அங்கேயே அறையும் எடுத்துவிட்டான். பக்கத்து வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்கப் பையோடு வந்தான். சாப்பிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்றான்.

செருப்பு மாட்டக் குனிந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் அவன் முகம் வந்தது. என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

நிமிர்ந்தான். கோபம்கூட இல்லை. "பாத்துட்டியாக்கா? வரேன்."

சோப்பு வாசனைதான் அடித்தது.