அரை மணிக்கு ஒரு டிக்

மே 6, செவ்வாய்

வாத்து வந்துவிட்டது. மஞ்சள் பிளாஸ்டிக்கில், சின்னக் குழந்தைகள் ஒன்றுக்கு, இரண்டுக்கு உட்காருவதற்கென்றே செய்தது. என் பெண் வாண்டுக்கு இரண்டே முக்கால் வயது. வாத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். உட்காரத்தான் மாட்டாளாம்.

இருபத்தேழு நாள் இருக்கிறது. ஜூன் இரண்டாம் தேதி என் நீண்ட விடுப்பு முடிகிறது. அன்றைக்கு வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று மாத்திரைக் கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மழலையர் பள்ளியிலோ டயப்பர் போட்ட பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். நடுவில் நான்.

மே 7, புதன்

அட்டவணை போட்டாயிற்று. கம்பெனியில் என் வேலையே அதுதான். அரை மணிக்கு ஒருமுறை ஒரு மாத்திரை அட்டையை உருவி, சரியா என்று பார்த்து, நோட்டில் டிக் போடுவது. பதினொரு வருடத்தில் ஒரு டிக் விட்டதில்லை. ஒரு குழந்தையைப் பழக்க முடியாதா? அலாரம் அடித்தால் வாத்து. எதிரே ஸ்டூலில் நான், மடியில் நோட்டு.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்து இதைப் பார்த்துச் சிரித்தார். "பாவம்டி, டீ குடிக்கவாவது அவளுக்கு லீவு குடு."

மே 14, புதன்

எட்டு நாளில் நான்கே டிக். வாத்தில் உட்காருவாள், கதை கேட்பாள், என் முகத்தையே பார்ப்பாள், ஒன்றும் வராது. எழுந்து ஓடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் நாற்றம். வேண்டுமென்றே செய்கிறாளா?

மே 17, சனி

கீழ் வீட்டு அக்காவோட சோபாவை நனைச்சுட்டா. புது சோபா! "பரவால்லம்மா, குழந்தைதானே"ன்னு சொல்லிக்கிட்டே அவங்க உறையைக் கழட்டின வேகம் இருக்கே... மானமே போச்சு. மாடிப்படியிலேயே கத்திட்டேன். எருமை மாடு மாதிரி வளர்ந்திருக்கியே, சொல்லத் தெரியாதான்னு. இரண்டே முக்கால் வயசு எருமை.

படியில் உட்கார்ந்து, "டிக் போடும்மா, டிக் போடு" என்று அழுதாள். ஏன் கத்தினேன்? ச்சே.

மே 20, செவ்வாய்

மூன்று நாளாய் இரண்டுக்குப் போகவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்குகிறாள். வயிறு கல் மாதிரி. டாக்டரம்மா சிரப் எழுதிக் கொடுத்தார். "வற்புறுத்தாதீங்க. வலிக்கும்னு பயந்தா இன்னும் அடக்குவாங்க."

ஜூன் இரண்டுக்குள் பழக்கியாக வேண்டுமே என்றேன். "அது உங்க தேதிம்மா" என்றார்.

டயப்பருக்கே திரும்பிவிட்டோம். அலாரத்தை அணைத்தேன்.

மே 21, புதன்

ஒரு வாரம் தள்ளி வரலாமா என்று கேட்க நான்கு முறை போன் போட்டேன். சூப்பர்வைசர் எடுக்கவில்லை.

மே 23, வெள்ளி

சிரப் வேலை செய்தது. திரைக்குப் பின்னால்தான். எட்டிப் பார்த்தேன். "பாக்காத! போ!" என்று கத்தினாள்.

மத்தியானம் நான் கழிப்பறையில் இருந்தபோது அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பாக்காத, போ" என்றேன். வார்த்தை மாறாமல் அதே. உட்கார்ந்தபடியே யோசித்தேன். ஒருத்தி என் எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால்? ஜென்மத்துக்கும் வராது எனக்கு.

வாத்தைத் தூக்கித் திரைக்குப் பின்னால் வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மே 24, சனி

ஒன்றுமில்லை.

மே 26, திங்கள்

சமையலறையில் இருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல்: "அம்மா, வந்துடுச்சு!" வாத்தில்! ஈரக் கையோடு ஓடினேன். நோட்டைத் தேடிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

நேற்று இரண்டு ஜட்டி நனைந்தது, இன்று மூன்று. மறுபடி முதலிலிருந்தா? பள்ளியில் கேட்டால் பொய் சொல்லிவிடலாமா? உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் திரைப் பக்கம் போகத் தோன்றுகிறது. போகவில்லை.

ஜூன் 2, திங்கள்

"பழகிட்டாளா?" என்று பள்ளிப் பொறுப்பாளர் கேட்டார். "பாதி" என்றேன். மீதிப் பாதிக்காக நான்கு ஜட்டி வைத்திருந்த பையைத் திறந்து காட்டினேன். பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். ஆயாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "எதிர்ல நிக்காதீங்க."

கம்பெனியில் கை அட்டையை உருவியது, மனம் பள்ளியில் கிடந்தது. பத்தரை மணி டிக்கை விட்டுவிட்டேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் ஆயா பையை நீட்டினார். "ரெண்டு ஜட்டி ஈரம்மா. ஆனா மத்தியானம் தானாவே போச்சு. என்னைக் கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கச் சொல்லிடுச்சு. 'எங்கம்மா எட்டிப் பாக்க மாட்டாங்க'ன்னு பெருமை வேற!"

வழியெல்லாம் வாண்டு என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அம்மா எட்டிப் பார்க்க மாட்டாளாம். என்னையா சொன்னாள்?