‘அவுங்க’ என்று சொன்னதற்காக

இன்று காலை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் யாரோ கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசம் சுவரைத் தாண்டி வந்தது. திண்டுக்கல்லில் பன்னிரண்டு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். அந்த வாசம் வந்தால் இன்னமும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. போன மாதம் நீங்கள் இறந்துபோனதை அம்மா ஆயக்குடியிலிருந்து போனில் சொன்னார். எழவுக்கு நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

உங்களுக்கு என்னை ஊர்ப் பெண்ணாகத் தெரியும். உங்கள் வழக்கில் நான் எதிர்ப்பக்கம் இருந்தது தெரியாது. கொய்யாத் தோப்பில் வேலை பார்த்த உங்களைத் தோப்புக்காரர் பம்புசெட் அறைக்குள் இழுத்துப்போய்க் கெடுத்த வழக்கு. பாருங்கள், நானும் ‘காரர்’ என்றுதான் எழுதுகிறேன். முதல் கோர்ட்டில் நீங்கள் கூண்டில் நின்று பேசியதை நேரில் பார்த்த நீதிபதி உங்களை நம்பினார். ஏழு வருடத் தண்டனை. தோப்புக்காரர் அப்பீலுக்கு என் சீனியரைத் தேடி வந்தார்.

அப்பீலில் ஆள் கிடையாது, காகிதம்தான். அதில் உங்கள் பெயரும் இல்லை. நீங்கள் ‘சாட்சி’, குற்றம் சாட்டப்பட்ட அவர் ‘எதிரி’. டைப்பிஸ்ட் புண்ணியவான் உங்கள் பேச்சை அப்படியே அடித்திருந்தார்: “அவுங்க என்னைய உள்ள இழுத்தாங்க. வேண்டாமுங்க, விட்டுருங்கன்னு அழுதேனுங்க.”

சீனியர் மெட்ராஸில் வளர்ந்தவர். அந்த வரியைப் பேனாவால் தட்டினார். “என்னம்மா இது, கெடுத்தவனைப் போய் மரியாதையாச் சொல்லுது?”

எங்கள் ஆயக்குடிப் பக்கம் திருடன் வந்தாலும் ‘ஏனுங்க, என்னங்க வேணும்’ என்றுதான் கேட்போம் என்று திண்டுக்கல் சிநேகிதிகள் என்னைக் கேலி செய்வார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். கூலிக்குப் போகிறவள் தோப்புக்காரரை ‘அவன்’ என்று என்றைக்கு சார் சொல்லியிருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அது முதல் அப்பீல். கெட்டிக்காரி என்று பேர் வாங்க வேண்டும்.

“வெறுப்பு இருந்தா ‘அவன்’னுதான சார் வாயில வரும்? முன்னாடியே பழக்கம்னு சொல்லலாமே” என்றேன்.

சீனியர் சிரித்தார். “நீ பொழச்சுக்குவ.”

பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றே தண்டிக்கப் போதும், ஆனால் அது நம்பிக்கை தர வேண்டும் என்று தீர்ப்பு நியாயமாகத்தான் தொடங்கியது. உங்கள் முகம் காகிதத்தில் ஏறியிருக்கவில்லை, ‘அவுங்க’ ஏறியிருந்தது. எதிரியை மரியாதையோடு குறிப்பிடுவது ஏற்கெனவே இருந்த நெருக்கத்தைக் காட்டுகிறதாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்துவிட்டார்கள். படித்தபோது அது என் வாக்கியம் என்று தெரிந்தது. அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த தை மாதம், பழனி ரோட்டோரம் கூடை வைத்துப் பழம் விற்றுக்கொண்டிருந்தீர்கள். பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டு கூப்பிட்டீர்கள்.

“ஏனுங்க, நீங்க கோர்ட்டுல இருக்கறவங்க. நான் என்னங்க தப்பாச் சொல்லிட்டேன்? அவுங்கள ஏனுங்க விட்டுட்டாங்க?”

அப்போதும் ‘அவுங்கள’தான்.

“கேஸ் கட்டைப் பாத்தாத்தான் தெரியும்” என்று பொய் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். “பாத்துச் சொல்லுங்க” என்று என் பையில் இரண்டு பழத்தைப் போட்டீர்கள். பிறகு அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் கூடை தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன்.

இப்போது எந்தச் சாட்சியத்தைப் படித்தாலும் சாட்சி எந்த ஊர், அங்கே எப்படிப் பேசுவார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதனால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது.

நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. தப்பாச் சொன்னது நானுங்க.